மறு: சாளரத்தை மாற்றுவதா, சாளரத்துக்குத் தாவுவதா?

அனைவருக்கும் வணக்கம். கணினியில் திறந்திருக்கும் ஒரு சாளரத்திலிருந்து (window) இன்னொன்றுக்குப் போகும் 'switch window' கட்டளையைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற நம் குழுவின் பேச்சுக்கு என் பதில் இது.

> 'சாளரத்தை மாற்று' என்பதில் என்ன குறை? எல்லாருக்கும் புரிகிறதே.

புரியவில்லை என்பதுதான் நான் கண்டது. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேத்திக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். பாதிக் கடிதத்தில், ஏற்கெனவே திறந்து வைத்திருந்த படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். இடைமுகம் முழுக்கத் தமிழ். 'சாளரத்தை மாற்று' என்ற வரியைக் காட்டி, அதைச் சொடுக்குங்கள் அம்மா என்றேன். அவர் சுட்டியிலிருந்து கையையே எடுத்துவிட்டார். "மாத்திட்டா இது போயிடுமா தம்பி? இன்னும் சேமிக்கலியே."

அவர் பயந்தது சரிதான். பல்பை மாற்றினால் பழைய பல்பு குப்பைக்குப் போகும். சேலையை மாற்றினால் கட்டியிருந்தது கொடிக்குப் போகும். ஐந்நூறு ரூபாய்த் தாளை மாற்றினால் சில்லறை கைக்கு வரும், தாள் வராது. நாம் 'மாற்று' என்று சொல்லும் இடத்திலெல்லாம் ஒன்று விலகித்தான் இன்னொன்று வருகிறது. இங்கே எந்தச் சாளரமும் போகவில்லை, எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இடம் பெயர்வது நாம். போதாக்குறைக்கு, கோப்பு வடிவத்தை மாற்று, பெயரை மாற்று, கண்டுபிடித்து மாற்று என்று இந்த ஒரு வினையின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை.

இதற்கு நம் குழுவின் அக்கா ஒருவர் முன்வைத்த 'முன்கொணர்' (முன்னால் கொண்டுவா) எனக்கும் பிடித்த சொல். ஆனால் அதை இங்கே செலவழிக்கக் கூடாது. சாளரத்தை அடுக்கின் மேலே கொண்டுவருவது ஒரு வேலை. விசைப்பலகையில் அடிப்பது எந்தச் சாளரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது இன்னொரு வேலை. விண்டோஸ் பழகிய நமக்கு இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போலத் தோன்றும், அவ்வளவுதான். யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர முறைமையில் 1987-இல் வந்த டி.டபிள்யூ.எம். (twm) என்ற சாளர மேலாளரை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுட்டியை ஒரு சாளரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாலே போதும், பாதி மறைந்து கிடக்கும் அதில் எழுத்து விழத் தொடங்கிவிடும். சாளரம் மேலே வராது. இன்றைக்கும் லினக்ஸில் ஓடும் கேடிஇ (KDE) மேசைத்தளத்தின் அமைப்புகளில் அப்படி வைத்துக்கொள்ளலாம். சாளரத்தை மேலே கொண்டுவர, கீழே தள்ள என்று அதில் தனிக் கட்டளைகளே உண்டு. 'முன்கொணர்' அங்கேதான் பொருந்தும்.

இன்னும் பின்னால் போனால், 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0-இல் செயலிச் சாளரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவே முடியாது. எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். ஏறும் வசதி 1987-இல், 2.0-இல்தான் வந்தது. முன், பின் என்பதே இல்லாத திரையிலும் ஒரு சாளரத்திலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் போவதற்குத்தான் நாம் சொல் தேடுகிறோம்.

என் பரிந்துரை 'தாவு'. கிளைக்குக் கிளை தாவுகிறோம், மரம் விட்டு மரம் தாவுகிறோம். தாவுவதால் கிளைக்கு ஒன்றும் ஆவதில்லை, விட்டு வந்த கிளை அங்கேயே இருக்கிறது, திரும்பவும் தாவலாம். சாளரம் விட்டுச் சாளரம் போக நாம் அழுத்தும் ஆல்ட்+டேப் விசைகள் செய்வதும் அதுதான். கடைசியாகத் தொட்ட சாளரம் வரிசையில் முதலில் நிற்பதால், ஒருமுறை தட்டினால் அங்கே, இன்னொரு முறை தட்டினால் இங்கே. இரண்டு கிளைக்கு நடுவே ஊசலாடும் குரங்குதான். (கட்சித் தாவல் நினைவுக்கு வருகிறது என்று யாரோ எழுதியிருந்தீர்கள். வரட்டுமே. கட்சித் தாவல் தடைச் சட்டமும் விண்டோஸ் 1.0-உம் ஒரே ஆண்டில் பிறந்தவை.)

உருப்படியான தடை வேறொன்று. உலாவிகளில் 'new tab' என்பதற்குப் 'புதிய தாவல்' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. 'சாளரத் தாவல்' என்று பெயர்ச்சொல்லாக வைத்தால் குழப்பம் நிச்சயம். 'tab'-க்கு வைத்த 'கீற்று' பரவியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இப்போது அழுது பயனில்லை. ஆகவே வினையாக மட்டும் வைப்போம் என்கிறேன். குறுக்குவிசைப் பட்டியலில் எப்படியும் கட்டளைதானே வருகிறது:

அடுத்த சாளரத்துக்குத் தாவு
செயலிகளிடையே தாவு
இதே செயலியின் சாளரங்களிடையே தாவு

மேக்கில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வெவ்வேறு விசைகள், லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான க்னோமிலும் (GNOME) அப்படித்தான். அந்த வேறுபாடு தமிழில் தங்குதடையில்லாமல் வந்துவிடுகிறது பாருங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் நடுத்திரையில் சின்னப் படங்களோடு விரியும் பெட்டிக்கு 'மாற்றி', 'தாவி' எல்லாம் வேண்டாம். 'சாளர வரிசை' போதும். கண்ணுக்குத் தெரிவதும் வரிசைதான்.

சாளரங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்துவதற்கு 'ஓடு வேய்' என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கூரையில் நாட்டு ஓடு எப்படிக் கிடக்கும்? ஒன்றின் விளிம்பை இன்னொன்று மூடி. மூடாவிட்டால் ஒழுகும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர் அது. விளிம்போடு விளிம்பு சேர்வது தரைக்கல், அதற்குத் தமிழில் 'பாவுதல்' இருக்கிறது. கல் பாவிய முற்றம் என்கிறோமே. 'சாளரங்களைப் பாவு' என்று வைக்கலாம். படிப்படியாக ஒன்றையொன்று மூடி நிற்கும் அந்த இன்னொரு அமைப்புக்கு வேண்டுமானால் ஓட்டைக் கொடுத்துவிடலாம்.

'சாளரம்' என்பதையே தூக்கிவிட்டுக் 'காலதர்' வைக்கலாம் என்ற யோசனைக்கு ஒரு வரி. சிலப்பதிகாரத்தில் இரண்டு சொல்லும் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'window' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரிலும் 'காற்றின் கண்' என்ற பழைய நார்ஸ் சொல்தான் இருக்கிறது என்பது உடம்பு சிலிர்க்கும் பொருத்தம். ஆனாலும் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கி நட எனக்கு மனமில்லை.

சென்ற ஞாயிறு என் மடிக்கணினியில் அந்த மூன்று வரிகளையும் திருத்தி, அதே ஆசிரியையிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. 'அடுத்த சாளரத்துக்குத் தாவு' என்பதை வாய்விட்டு வாசித்தார், சொடுக்கினார். படம் வந்தது. "கடிதத்துக்கு மறுபடி தாவணுமா?" என்று அவராகவே கேட்டார். ஒருவர் போதாது, தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் காட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கூடவே இதையும் யோசித்து வையுங்கள். சாளரங்களைக் கூறு கூறாகப் பிரித்து வைக்கும் மெய்நிகர்த் திரைகளுக்கு இப்போது 'பணியிடம்' என்று வைத்திருக்கிறோம். க்னோம் கடைசியில் எப்போதும் ஒன்றைக் காலியாக விட்டுவைக்கும். அதற்கு நாம் எழுதியிருக்கும் வரி 'காலிப் பணியிடம்'. போன வாரம் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, எந்தத் துறையில் சார் என்று கேட்டான்.

அன்புடன்.