பொண்ணு கலரைப் பத்தி ஸ்கூல்லயும் பேச்சு, வீட்லயும் பேச்சு, உதவி ப்ளீஸ்

அக்கா தங்கச்சிங்களா, நாங்க லண்டன் ஹாரோல இருக்கோம், பொண்ணு இயர் 3 (7-8 வயசு பசங்க கிளாஸ்). போன வாரம் பாத்ரூம்ல எட்டிப் பாத்தா முழங்கைய நாரு போட்டு செவக்க செவக்க தேய்ச்சிட்டு இருக்கா, ஏன்டின்னு கேட்டா கிளாஸ்ல ஒருத்தன் உன் கை அழுக்குன்னு சொன்னானாம், எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. டீச்சர் சின்னப் பசங்க விளையாட்டுன்னு முடிச்சிட்டாங்க.

இங்க பாகுபாட்டைத் தடுக்கிற சட்டமான ஈக்வாலிட்டி ஆக்ட் 2010ல தோல் நிறமும் ரேஸ்குள்ளதான் (இனம்) வருது, அதனால ஹெட்டீச்சருக்கு எழுத்துல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறேன், குடுத்தவங்க எப்படி எழுதினீங்கன்னு சொல்லுங்க.

அதைவிட கஷ்டம் வீட்ல. அத்தை வீடியோ கால்ல வெயில்ல ஆடாத கறுத்துடுவ, கடலமாவு பூசுன்னு பாசமாத்தான் சொல்றாங்க, ஆனா பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்கும்? அவங்க மனசு நோகாம எப்படி நிறுத்த சொல்றது?