1997 அல்பேனியா: மக்களின் பேராசையா, அரசின் குற்றமா?

இளமாறன்:
அல்பேனியாவில் பிரமிடு நிதி நிறுவனங்கள் (புதியவர்கள் போடும் பணத்திலிருந்தே பழையவர்களுக்கு வட்டி கொடுப்பவை) சரிந்ததற்கும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் சுமார் 2,000 பேர் உயிரிழந்ததற்கும் அதிபர் சாலி பெரிஷாவின் அரசை மட்டுமே குற்றம் சாட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1996 நவம்பரில் ஜாஃபெரி நிறுவனம் மூன்றே மாதத்தில் பணத்தை மும்மடங்காக்குவதாக அறிவித்தது. சூதே என்ற மற்றொரு நிறுவனம் இரண்டு மாதத்தில் இருமடங்கு என்றது. எந்தத் தொழிலில் இவ்வளவு இலாபம் கிடைக்கும் என்று கேளாமல் வீட்டை விற்றுப் பணத்தைக் கொட்டியவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? பேராசை பெருநஷ்டம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கயல்விழி:
இளமாறன் அவர்களே, நீங்கள் காட்டும் வட்டி கடைசிக் கட்டத்தில் வந்தது. 1976-ஆம் ஆண்டு அரசமைப்பே முதலாளித்துவ நாடுகளிடம் கடன் வாங்குவதைத் தடைசெய்திருந்த ஒரு நாட்டில், தனியார் நிதி நிறுவனம் என்பதையே கண்டறியாத மக்கள், கம்யூனிச ஆட்சி வீழ்ந்த சில ஆண்டுகளிலேயே நல்ல நிறுவனத்தையும் மோசடி நிறுவனத்தையும் பிரித்தறிய வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அரசு வங்கிகள் தனியாருக்குக் கடன் கொடுக்க இயலாத நிலையில் இருந்ததால், வட்டிக்குப் பணம் திரட்டும் நிறுவனங்கள் தொடக்கத்தில் இயல்பானவையாகவே தோன்றின. அவற்றுள் சிலவற்றுக்கு, ஐ.நா. தடைக்கு உள்ளாகியிருந்த யுகோஸ்லாவியாவுக்குப் பொருள் கடத்தியதில் உண்மையான வருமானமும் இருந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. 1995 இறுதியில் தடை விலகியதும் அது வற்றியது. பழைய வட்டியைக் கொடுக்கப் புதிய முதலீட்டாளர்களைத் தேட வேண்டியதாயிற்று, வட்டியும் ஏறியது. உழவர்கள் மாடுகளை விற்க ஓட்டிவந்ததில், 1996 இலையுதிர் காலத்தில் தலைநகர் திரானாவே கசாப்புக்கூடம்போல் நாறியது என்று அங்கிருந்த ஒருவர் சொன்னது பதிவாகியுள்ளது.

இளமாறன்:
உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் எச்சரித்தன. 1996 அக்டோபரில் அல்பேனிய நிதியமைச்சகமும் எச்சரித்தது. அதன் பிறகும் பணம் போட்டவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. மேலும், பணத்தை இழந்ததற்காக இராணுவக் கிடங்குகளை உடைத்து ஆயுதங்களை அள்ளிச் சென்றதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

தென்னவன்:
அமைச்சகம் எச்சரித்தது உண்மைதான். ஆனால் அடுத்த மாதமே அத்தகைய நிறுவனமொன்றின் ஆண்டுவிழாவில் பிரதமரும் நாடாளுமன்றத் தலைவரும் பதக்கம் பெற்றார்கள். எந்தச் சொல்லை மக்கள் நம்புவார்கள்? ஆயுதம் பற்றிய கேள்விக்கு விடை 1996 மே தேர்தலில் இருக்கிறது. முறைகேடு நிறைந்தது என்று பன்னாட்டுப் பார்வையாளர்கள் கண்டித்த அத்தேர்தலில் 140 இடங்களில் 122 ஆளுங்கட்சிக்குப் போயின. குறையை எடுத்துச் சொல்ல நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை. 1997 பிப்ரவரியில் கியாலிட்சா நிறுவனம் திவாலானபோது வ்லோரா நகரம் தெருவுக்கு வந்தது. மார்ச் 2-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாளே அதே நாடாளுமன்றம் பெரிஷாவை மீண்டும் அதிபராக்கியது. கொள்ளையை நான் ஆதரிக்கவில்லை. அதற்கு முன்பே எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருந்தன என்கிறேன்.

கயல்விழி:
அதனுடன் இதையும் சேர்க்க வேண்டும். ஜாஃபெரி, பொபுலி ஆகிய நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளில் இருந்த சுமார் 25 கோடி டாலரை 1997 ஜனவரியில் அதே அரசுதான் முடக்கியது. ஜனவரியில் முடிந்த காரியம் முந்தைய மே மாதத்துக்கு முன் முடியாமல் போனதற்கு, ஆளுங்கட்சியின் தேர்தல் செலவுக்கு அந்நிறுவனங்களுள் சில பணம் கொடுத்ததே காரணம் என்று கருதுகிறேன்.