செர்ரி இலையில் மஞ்சள் வளையம், ஓட்டை: வைரஸா?

வில்பட்டிக்காரன்:
வணக்கம். கொடைக்கானல் வில்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பிளம்ஸ் தோட்டம். போன வருஷம் மச்சான் இமாச்சலில் இருந்து 2 செர்ரிக் கன்று கொண்டுவந்தார், பிளம்ஸ் மரங்களுக்கு நடுவிலேயே நட்டுவிட்டேன். இந்த வருஷம் துளிர்த்த முதல் இலைகளில் வெளிர்மஞ்சள் வளையம், அப்புறம் வளையத்தின் நடு காய்ந்து உதிர்ந்து, பஞ்சிங் மெஷினில் குத்தின மாதிரி ஓட்டை. மருந்துக்கடையில் கொடுத்த பூஞ்சண மருந்தை 2 தடவை அடித்தேன், காசு போனதுதான் மிச்சம். ஆனால் இப்போது வரும் இலை சுத்தமாக இருக்கிறது. சரியாகிவிட்டதா? பிளம்ஸுக்குப் பரவுமா?

கோத்தகிரி அண்ணாச்சி:
ஓட்டையைப் பார்த்ததும் வைரஸ் என்று முடிவுகட்டாதீர்கள் தம்பி. பூஞ்சணமும் ஓட்டை போடும், பாக்டீரியாவும் போடும். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து) கொஞ்சம் தூக்கலாகப் போனாலே இலை கருகி இப்படித்தான் உதிரும், என் பீச் மரத்தில் நானே செய்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். அதிருக்கட்டும், செர்ரியில் பெரும்பாலான ரகங்களுக்கு நம் மலைக் குளிர் பத்தாது. காய்க்குமென்று நம்பியா நட்டீர்கள்?

நாற்றங்கால்:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் வளையமும் இருக்கிறது, முதல் இலையோடு நின்றும்விட்டது. எனக்கு, இலையில் வளையம் போட்டுக் காயவைக்கும் ப்ரூனஸ் நெக்ரோடிக் ரிங்ஸ்பாட் வைரஸ் மேல்தான் சந்தேகம். குளிரில் துளிர்க்கும் இலையில் காட்டிவிட்டு, வெயில் ஏறினதும் மறைந்துகொள்ளும். மரம் ஆயுசுக்கும் அதைச் சுமக்கும். செர்ரி, பிளம்ஸ், பீச், பாதாம் எதையும் விடாது. வாழையில் வரும் முடிக்கொத்து நோய் மாதிரி இதை அசுவினிப் பூச்சி கொண்டுபோவதில்லை. மகரந்தம், விதை, ஒட்டுக்குச்சி, இந்த மூன்றும்தான் வழி. கன்று இன்னும் பூக்கவில்லை என்றால் பக்கத்து மரம் இப்போதைக்குத் தப்பித்தது. மருந்தே கிடையாது, இனி காசைக் கரைக்காதீர்கள். உறுதி செய்ய எலைசா என்னும் ஆய்வகப் பரிசோதனை உண்டு. இளந்துளிரை அரைத்து வெள்ளரி நாற்றின் விதையிலையில் தேய்த்து, அதில் நோய் தெரிகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. நானாக இருந்தால் பூக்கும் முன்னே இரண்டையும் பிடுங்கிவிடுவேன்.

வில்பட்டிக்காரன்:
ஐயோ, போன மாசம்தான் அதில் மொட்டு எடுத்து ஒரு பிளம்ஸ் மரத்தில் 3 இடத்தில் ஒட்டினேன். மூன்றும் காய்ந்துவிட்டது.

நாற்றங்கால்:
ஒட்டு பிடிக்காவிட்டாலும், மொட்டு சில நாள் உயிரோடு ஒட்டிக்கிடந்தாலே வைரஸ் இறங்கலாம். அந்த மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். அடுத்த துளிரில் முதல் இலையைப் பார்க்கும்வரை அதிலிருந்து யாருக்கும் குச்சி கொடுக்காதீர்கள், மச்சான் கேட்டாலும்.