கொரங்காட்டை நடுவில் தடுக்க ஜட்கா வேலி: எந்தக் கம்பி வாங்கலாம்?

கேள்வி: கொரங்காட்டுக்காரன்
காங்கேயம் பக்கம் நமக்கு நாலு ஏக்கர் கொரங்காடு (மானாவாரி மேய்ச்சல் நிலம்). சுற்றிலும் கிளுவை வேலி கெட்டியாக இருக்கிறது. உள்ளே நடுவில் தடுத்து, ஒரு பாதியில் மாடு மேயும்போது மறுபாதியில் கொழுக்கட்டைப்புல் தழையட்டும் என்று பார்க்கிறேன். மாடுகள் ஆறு, கன்று இரண்டு. வேலிக் கம்பியில் ஷாக் கொடுக்கும் சோலார் ஜட்கா மெஷின் வாங்கியாயிற்று, கம்பியில்தான் குழப்பம். கடையில் 16 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) போதும் என்கிறார்கள், வீடியோக்களில் பாலிவயர் (உலோக இழை கலந்த பிளாஸ்டிக் கயிறு), டேப் (அதையே பட்டையாகச் செய்தது) என்று காட்டுகிறார்கள், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கட்டுக்கம்பியையே இழுத்துவிடு என்கிறார். அடிக்கடி கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். மெஷின் வீட்டில் இருக்கிறது, அங்கிருந்து காடு அரை கிலோமீட்டர்.

பதில்: தாராபுரம் மாட்டுப்பட்டி
கட்டுக்கம்பி வேண்டாங்க. ஒரு மழைக்கே துரு ஏறிவிடும், நாலு தரம் சுருட்டினால் முறுக்கு விழுந்து அந்த இடத்தில் அறும், அறுந்த துண்டு புல்லோடு மாட்டு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று மாட்டு டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். ஜிஐ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் கழற்றி மாட்டுவதற்குத் தோதுப்படாது. கழற்றும் வேலிக்கு பாலிவயர்தான், ரீலில் சுற்றி ஒரே ஆளாக எடுத்துவிடலாம். டேப் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் நம்ம ஆடிக் காற்றுக்குப் படபடவென்று அடித்து இன்சுலேட்டர் பக்கத்தில் இழை நைந்துபோகும்.

வாங்கும்போது உள்ளே என்ன இழை என்று பாருங்கள். மெல்லிய ஸ்டெயின்லெஸ் இழை மட்டும் ஆறு இருந்தால் மின்தடை மீட்டருக்குச் சுமார் 4 ஓம், ஈயம் பூசிய செம்பு இழையும் சேர்ந்தது அரை ஓமுக்கும் கீழே. உங்கள் குறுக்குத் தடுப்பு 130 மீட்டர் வருமா? அதற்கு எதுவானாலும் ஓடும். ஆனால் வீட்டிலிருந்து காடு வரைக்கும் அந்த ஸ்டெயின்லெஸ் வயரையே இழுத்தால் 2000 ஓம் ஆகிவிடும், மாட்டின் உடம்பையே 500 ஓம் என்றுதான் கணக்கு வைப்பார்கள், அப்புறம் கடைசியில் நிற்கும் மாட்டுக்கு என்ன உறைக்கும்? அந்த அரை கிலோமீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர் ஜிஐ கம்பியை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள், மொத்தமே 20 ஓம்கூட வராது. இல்லையென்றால் மெஷினைக் காட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள், சோலார்தானே.

பதில்: கரூர் அண்ணாச்சி
கம்பியைப் பற்றி மேலே சொன்னது சரி, ஆனால் நம்ம மண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது எர்த். சித்திரை வைகாசியில் கொரங்காட்டுச் சரளை மண் காய்ந்து கிடக்கும்போது மாடு கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் மண் வழியாக மெஷினுக்குத் திரும்பாது, அதனால் ஷாக் உறைக்காது, வேலியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆறடி ஜிஐ ராடு மூன்று, பத்தடி இடைவெளியில் அடித்து, கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். அதுவும் போதாது என்றால் இரண்டு கம்பி இழுத்து, ஒன்றை மெஷினின் எர்த் முனையோடு சேர்த்துவிடுங்கள், இரண்டும் ஒன்றாக உடம்பில் பட்டால் காய்ந்த மண்ணிலும் ஷாக் அடிக்கும். மேல் கம்பி மாட்டின் மூக்கு உயரத்துக்கு, இரண்டேமுக்கால் அடி. கன்றுக்கு ஒன்றரை அடியில் இன்னொன்று.

கொரங்காட்டுக்காரன்
ரொம்ப நன்றிங்க அண்ணா. பாலிவயர் அறுந்தால் முடிச்சுப் போட்டாலே போதுமா?

பதில்: தாராபுரம் மாட்டுப்பட்டி
போதாது தம்பி. பிளாஸ்டிக் இழையை முடிச்சுப் போட்டுவிட்டு, உலோக இழைகளைத் தனியாக உரித்து ஒன்றோடொன்று நன்றாக முறுக்கிவிட வேண்டும். சும்மா முடிச்சுப் போட்டால் உள்ளே பொறி தெறித்து இழை ஒவ்வொன்றாகக் கருகும், ராத்திரி பக்கத்தில் போய் நின்றால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும்.

பதில்: மூலனூர் எலக்ட்ரீஷியன்
யார் சொன்னாலும் வீட்டுக் கரண்டை நேராக வேலியில் கொடுக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம், மனித உயிரையும் எடுக்கும். மெஷின் சுமார் ஒரு விநாடிக்கு ஒரு தரம், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவாகத்தான் அடிக்கிறது, அந்த இடைவெளியில்தான் தொட்ட ஆளோ மாடோ கையை, மூக்கை எடுக்க முடிகிறது. தடத்தோரம் கம்பி போகும் இடத்தில் மஞ்சள் பலகை மாட்டுங்கள். வேலியின் வோல்ட்டைக் காட்டும் டெஸ்டர் ஒன்று வாங்கி, வேலியின் கடைசி முனையில் 3000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்து புல் ஏறி கம்பியைத் தொட்டால் அது சட்டென்று இறங்கிவிடும், கம்பிக்கு அடியில் மட்டும் புல்லை அறுத்துவிடுங்கள்.