ரோலர் கேம்ஷாப்ட் பூட்டும் 5.7 லீற்றர் படகு எஞ்சினுக்கு எந்த வால்வு ஸ்பிரிங் பொருந்தும்?

வாழைச்சேனைப் படகு

வணக்கம். பாசிக்குடாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் எங்கள் படகின் மேர்க்குரூசர் 5.7 லீற்றர் எஞ்சினை இந்த மாரி காலத்தில் முழுமையாகக் கழற்றித் திருத்துகிறோம். செவ்ரோலெட் 350 புளொக்கும் வோர்ட்டெக் வகைச் சிலிண்டர் ஹெட்டும் கொண்ட எஞ்சின். கேம்ஷாப்டின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் லிப்டர்கள், அடியில் உருளையும் உள்ளே எண்ணெயும் கொண்ட ஹைட்ரோலிக் ரோலர் வகை. பழைய கேம்ஷாப்ட் தேய்ந்து போனதால் கனடாவில் இருக்கும் மாமா புதியதொன்றை அனுப்பியிருக்கிறார். வால்வை அமுக்கும் ரொக்கர் ஆர்ம் 1.5 விகிதமானால், இன்லெட் வால்வுக்கு 0.500 அங்குலமும் எக்ஸோஸ்ட் வால்வுக்கு 0.510 அங்குலமும் லிப்ட் (வால்வு திறக்கும் அளவு) கிடைக்கும் என்று அதன் அட்டையில் உள்ளது.

பழைய ஸ்பிரிங்குகளைச் சோதித்தபோது 1.70 அங்குல உயரத்தில் 65 முதல் 75 இறாத்தல் வரைதான் காட்டின. ஒரு மெக்கானிக் அண்ணர், "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு, இரட்டை ஸ்பிரிங் போடுங்கள்" என்கிறார். இன்னொருவர், பழையவற்றின் அடியில் சிம் (மெல்லிய தட்டை வளையம்) வைத்தால் போதும் என்கிறார். சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதால், பிழையானது வந்தால் திருப்பி அனுப்பும் செலவு எங்களால் தாங்கக் கூடியதன்று. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

கல்முனை லேத்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. இரண்டு யோசனைகளையும் ஏற்க வேண்டாம்.

பழைய ஸ்பிரிங் ஏன் போதாது என்பதை முதலில் விளங்கிக் கொள்ளுங்கள். வோர்ட்டெக் ஹெட்டில் கொம்பனி பூட்டிய ஸ்பிரிங் புதிதாக இருக்கும்போதே, வால்வு மூடிய நிலையில், 80 இறாத்தல் அளவுதான் அழுத்தும். ரோலர் லிப்டர் தட்டை லிப்டரைவிடப் பாரமானது. ரோலர் கேம் வால்வைத் திறப்பதும் மூடுவதும் வேகமாக நடக்கும். அந்தப் பாரத்தைக் கேமோடு ஒட்ட வைத்திருக்க, உங்களுடையது போன்ற மிதமான ஹைட்ரோலிக் ரோலர் கேமுக்கு, வால்வு மூடிய நிலையில் 110 முதல் 140 இறாத்தலும் முழுதாகத் திறந்த நிலையில் 280 முதல் 350 இறாத்தலும் வழக்கமாக வேண்டும். அது குறைந்தால் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். அப்போது ஏற்படும் இடைவெளியை லிப்டர் எண்ணெயால் நிரப்பிக் கொள்வதால், வால்வு மூட வேண்டிய நேரத்திலும் சற்றுத் திறந்தே நிற்கும். எஞ்சின் கம்பிரஷனை இழந்து தடுமாறும். பலர் இதை எரிபொருள் கோளாறு என்று நினைத்துக் காபரேட்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

அழுத்தம் கூடினாலும் தீங்குதான். ஹைட்ரோலிக் லிப்டரின் உள்ளே இருக்கும் பிளஞ்சர் எண்ணெயின் மேல்தான் நிற்கிறது. அளவுக்கு மீறிய ஸ்பிரிங் அந்த எண்ணெயைக் கசியச் செய்து பிளஞ்சரைக் கீழே அமுக்கும்; வால்வின் லிப்ட் குறையும், சத்தம் வரும், ரோலரின் ஊசி பெயரிங் சீக்கிரம் தேயும், லிப்டரிலிருந்து ரொக்கர் ஆர்முக்குப் போகும் புஷ்ரொட்டும் வளையும். வால்வு மூடிய நிலையிலேயே 200 இறாத்தலுக்கு மேல் அழுத்தும் ஸ்பிரிங், ஓட்டப்பந்தய எஞ்சின்களின் சொலிட் ரோலருக்கு (உள்ளே எண்ணெய் பிளஞ்சர் இல்லாத லிப்டருக்கு) உரியது.

சிம் வைப்பதும் இங்கே உதவாது. சிம், களைத்த ஸ்பிரிங்கை மேலும் அமுக்கி மூடிய நிலையின் அழுத்தத்தைக் கூட்டுமே தவிர, கம்பிக்கு இழந்த வலுவைத் திருப்பித் தராது. அதைவிட முக்கியமாக, முழு லிப்டில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பதற்கான இடைவெளியையும் அது தின்றுவிடும். அந்த இடைவெளி 0.060 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு.

வோர்ட்டெக் ஹெட்டுக்கே உரிய இன்னொரு குறையும் உண்டு. வால்வு கைடின் மேற்பகுதி உயரமாக இருப்பதால், ஏறக்குறைய 0.470 அங்குல லிப்டிலேயே ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் முனையை வால்வோடு பிடிக்கும் தட்டு) கைடின் மேலுள்ள எண்ணெய் சீலில் இடிக்கத் தொடங்கும். உங்கள் கேம் அதைத் தாண்டுகிறது. ஸ்பிரிங் எதுவானாலும் இந்த இடத்தை அளக்காமல் எஞ்சினைப் பூட்டாதீர்கள். முழு லிப்டில் ரிட்டெய்னருக்கும் சீலுக்கும் இடையே குறைந்தது 0.050 அங்குலம் இருக்க வேண்டும்.

இரட்டை ஸ்பிரிங்கை நான் மறுப்பதற்கு அழுத்தம் மட்டும் காரணமன்று. பெரும்பாலான இரட்டை ஸ்பிரிங்குகள் அகலமானவை. அவற்றுக்காக ஹெட்டில் ஸ்பிரிங் அமரும் இடத்தை வெட்டி அகலப்படுத்த வேண்டும். உங்கள் எஞ்சின் கடல் நீரையே நேரடியாக இழுத்துக் குளிர்விப்பதாக இருந்தால், தண்ணீர் ஓடும் அறைகளின் சுவர் உள்ளே எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அத்தகைய ஹெட்டில் வெட்டும் கருவியை இறக்க நான் துணியமாட்டேன். மேலே ஒடுங்கித் தேன்கூடு போல இருக்கும் பீஹைவ் ஸ்பிரிங், வோர்ட்டெக் ஹெட்டுக்கென்று செய்யப்பட்டதாக, வெட்டாமலே அமரக் கூடியது கிடைக்கிறது. அதன் ரிட்டெய்னர் சிறியது, இலேசானது. சுற்றுகளின் அகலம் மாறிக் கொண்டே போவதால், ஸ்பிரிங் தன்பாட்டில் அதிரும் தொல்லையும் குறைவு. ரிட்டெய்னரையும் சேர்த்தே வாங்குங்கள். பழையது அதற்குப் பொருந்தாது.

களுவாஞ்சிகுடி மரைன்

கல்முனை அண்ணன் சொன்னதோடு படகு சார்ந்த இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். வோர்ட்டெக் ஹெட்டில் ரொக்கர் ஆர்மைத் தாங்கும் ஸ்டட்கள் திருகப்பட்டவை அல்ல, அடித்து இறுக்கப்பட்டவை. ஸ்பிரிங் அழுத்தம் கூடும்போது அவை மெல்ல மெல்ல மேலே எழும்பும். எனவே ஹெட் மேசையில் இருக்கும்போதே திருகும் ஸ்டட்களாக மாற்றிவிடுங்கள்.

மற்றது கேமைப் பற்றியது. படகில் எக்ஸோஸ்ட் வழியாகக் குளிர்விக்கும் நீரும் வெளியேறுவதால், இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் நீண்ட கேம், மெதுவான ஓட்டத்தில் அந்த நீரைச் சிலிண்டருக்குள்ளேயே இழுத்துவிடும். அட்டையில் உள்ள டியூரேஷனையும் (வால்வு திறந்திருக்கும் காலம், பாகையில்) லோப் இடைவெளிக் கோணத்தையும் (இன்லெட், எக்ஸோஸ்ட் கேம் மேடுகளுக்கு இடையிலான கோணம்) இங்கே எழுதுங்கள். வீதியில் ஓடும் வாகனத்துக்கான கேமாக இருந்தால், ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னர் அதைத்தான் தீர்க்க வேண்டும்.

வாழைச்சேனைப் படகு

இருவருக்கும் மிக்க நன்றி. லிப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்தில் அளந்த டியூரேஷன், இன்லெட்டுக்கு 206 பாகையும் எக்ஸோஸ்ட்டுக்கு 212 பாகையும். லோப் கோணம் 114 பாகை. படகு எஞ்சினுக்கு உரியது என்றே பெட்டியில் எழுதியிருக்கிறது. விற்பவரிடம் உள்ள பீஹைவ் ஸ்பிரிங்கின் விபரம்: 1.750 அங்குல உயரத்தில் 120 இறாத்தல், அங்குலத்துக்கு 340 இறாத்தல் விறைப்பு, முழுதாக அமுங்கிய உயரம் 1.150 அங்குலம். இது சரியா? பழைய ஸ்பிரிங்குகளில் ஒன்றின் அடிச்சுற்றில் துருக் குழிகள் தெரிகின்றன. புதியவற்றுக்கும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடி மரைன்

அந்தக் கேம் படகுக்கு ஏற்றது, பயப்பட வேண்டாம்.

கல்முனை லேத்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 340ஐ 0.510ஆல் பெருக்கினால் 173. அதோடு 120ஐக் கூட்டினால், வால்வு முழுதாகத் திறந்த நிலையில் 293 இறாத்தல். 1.750இலிருந்து 0.510 போனால் 1.240, முழுதாக அமுங்கிய உயரத்துக்கு மேல் இன்னும் 0.090 அங்குலம் மிச்சம். தாராளமாக வாங்கலாம்.

ஆனால் 1.750 என்பது விற்பவரின் தாளில் உள்ள உயரம். உங்கள் ஹெட்டில் உள்ள உயரத்தை நீங்கள்தான் அளக்க வேண்டும். வால்வையும் புதிய ரிட்டெய்னரையும் அதை வால்வில் பூட்டும் லொக்கையும் ஸ்பிரிங் இல்லாமல் பூட்டி, ரிட்டெய்னரை மேலே இழுத்துப் பிடித்து, ஸ்பிரிங் அமரும் இடத்திலிருந்து அதன் அடிப்பக்கம் வரை அளவெடுங்கள். பதினாறு வால்வுகளையும் அளக்க வேண்டும், ஏனென்றால் சீட் அரைத்த ஹெட்டில் ஒவ்வொன்றும் வேறுபடும். 1.780 உள்ள இடத்தில் 0.030 அங்குல சிம் ஒன்று வைத்தால் சரியாகிவிடும். சிம்முக்குரிய வேலை இதுதான். 1.720 மட்டுமே இருந்தால் மூடிய நிலையில் 130 இறாத்தலாகும். அதுவும் எல்லைக்குள்தான், ஆனால் முட்டும் இடைவெளி 0.060 ஆகச் சுருங்கிவிடும். அதற்கும் குறைந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள்.

துருவைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. வால்வு ஸ்பிரிங்கின் மேற்பரப்பு, சிறு உருண்டைகளால் அடித்து இறுக்கப்பட்டது. துருக் குழியிலிருந்தோ கீறலிலிருந்தோதான் வெடிப்புத் தொடங்கும். அந்தப் பழைய ஸ்பிரிங் உடைந்திருந்தால் வால்வு பிஸ்டன் மேல் விழுந்திருக்கவும் கூடும். ஆகவே புதியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, அமிலத்தில் கழுவவோ, வைஸின் பற்களில் நேரடியாகப் பிடிக்கவோ வேண்டாம். பொதியிலிருந்து எடுத்ததும் எஞ்சின் எண்ணெயில் தோய்த்து, அப்படியே பூட்டுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் படகு மாதக்கணக்கில் கரையில் நிற்கும்போது, உப்பும் ஈரமும் ரொக்கர் மூடிக்குள்ளும் இறங்கும். நிறுத்துவதற்கு முன் எண்ணெயை மாற்றி, சிலிண்டர்களுக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்து, மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளின் மேலும் எண்ணெய் ஊற்றிவிடுங்கள்.

லிப்டரைச் சீர்செய்யும்போது, புஷ்ரொட்டின் ஆட்டம் நீங்கிய இடத்திலிருந்து அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள். அங்குலத்துக்கு 24 புரி உள்ள ஸ்டட்டில் அது 0.020 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். முதல் ஓட்டத்தை மிதமான சுற்றில் வைத்து, எஞ்சினை முழுதாக ஆறவிட்ட பின்னரே பாரம் ஏற்றிக் கடலில் இறக்குங்கள்.