மிஷனரி ஊழியத்துக்கு ஆயத்தமாகும் தம்பதி: ஆலோசனை தேவை

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு இளம் தம்பதி வட இந்தியப் பணித்தளத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். (1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலங்கானாவிலுள்ள டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பிய பாரம்பரியம் நமக்கு உண்டே!)

கன்வென்ஷன் கூட்டத்தில் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து எழுந்து நின்றதை மட்டும் தேவனுடைய அழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவனையும் மனைவியையும் போதகர் தனித்தனியே விசாரிக்கிறார். ஒருவருக்கு மட்டும் ஊழிய பாரம் (அந்தப் பணியின்மேல் உள்ளார்ந்த வாஞ்சை) இருந்தால் பணித்தளத்தில் குடும்பமே தளர்ந்துவிடும். எங்கள் பெரிய கவலை தனித்தியானம்தான். இங்கே பாட்டும் கூட்டமும் தாங்குகின்றன. அங்கே தமிழ் ஆராதனை இருக்காது, ஜெபம் வறண்டுபோகும். அதனால் தினமும் அதிகாலை 1 மணி நேரம் தனி ஜெபம், அதில் 20 நிமிடம் இந்தி வேதாகமத்தைச் சத்தமாக வாசிப்பது என்று வைத்திருக்கிறோம்.

புதிதாக இந்தி படிப்பவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாமா, யோவானிலா? பணித்தளத்தில் இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.