அத்தான் அனுப்பின செம்மண் படம்: எங்கட கோப்பாய் மண் மாதிரித்தானோ?

கோப்பாய்த் தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அக்காவின்ர அவர் அமெரிக்காவில ஒக்லகோமா மாநிலத்தின்ர மேற்குப் பக்கத்தில மாடு வளர்க்கக் காணி ஒண்டு பார்த்திருக்கிறார். படம் அனுப்பினவர். அப்பிடியே எங்கட யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ச் செம்பாடு, அதுதான் எங்கட செம்மண். மழை பெஞ்ச அடுத்த நாள் எடுத்ததாம், தண்ணி ஒரு இடத்திலயும் நிக்கேல்லை.

அந்த நாட்டு மண் வரைபடத்தில மேட்டுப்பக்கம் முழுக்க "குவின்லன்-வூட்வார்ட்" எண்டும், கீழ ஒரு துண்டு "வேர்ணன்" எண்டும் மண்ணின்ர பேர் போட்டிருக்கு. மூண்டுக்கும் நீர்வடிப்பு நல்லது, மேய்ச்சல் நிலம், சிவப்பு அடையற் பாறையில இருந்து வந்த மண் எண்டு எழுதியிருக்கு. "எங்கட மண்தான், ஒரு கிணறு வெட்டினா வெங்காயமும் வைக்கலாம்" எண்டு அத்தான் நிக்கிறார். அப்பா இஞ்ச ஒரு துண்டுக் காணியை வித்துக் காசு அனுப்ப யோசிக்கிறார். காணி போனாத் திரும்ப வாங்கேலாது. மண்ணைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா விளங்கப்படுத்துவீங்களோ?

புன்னாலைக்கட்டுவன் தோட்டம் எழுதியது:

தங்கச்சி, நான் மண் படிச்சவன் இல்லை, தோட்டம் செய்யிறவன். எங்கட செம்பாட்டில வெங்காயம் வாறது நிறத்தால இல்லை. இறைப்பு, எரு, பொழுது விடிய முதல் எழும்பிற சனம், இந்த மூண்டாலயும்தான். அத்தானிட்ட ரெண்டு விசயம் கேளுங்கோ: வருசத்தில எத்தினை அங்குலம் மழை? எத்தினை அடியில கல்லு? இது தெரியாமல் காணி விக்க அப்பாவை விடாதேங்கோ.

தரவை எழுதியது:

தங்கச்சி, நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில மண் படிச்சு, பிறகு ஒக்லகோமாப் பக்கத்தில சில வருசம் மண்குழி வெட்டிப் பதியிற வேலை செய்தனான். நீங்கள் சொன்ன மூண்டு மண்ணும் கையில பிடிச்சுப் பார்த்த மண். அதால நீட்டி எழுதுறன், குறை நினையாதேங்கோ.

முதல்ல நிறம். எங்கட செம்பாட்டுக்குக் கீழ இருக்கிறது மயோசீன் காலச் சுண்ணக்கல். கல்லு வெளிறல், மண் சிவப்பு. மழைத்தண்ணி கல்லைக் கரைச்சுக்கொண்டு போகப் போக, கரையாத களியும் இரும்பும் மிஞ்சி, அந்த இரும்பு காத்துப்பட்டு ஹெமடைட் எண்ட சிவப்புத் துருவாகிச் சிவந்தது. ஒக்லகோமாவில பாறையே சிவப்பு. பேர்மியன் காலத்தில, 25 கோடி வருசத்துக்கும் முந்தி, ஆறுகளும் ஆழமில்லாத கடலும் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும் களியும் இறுகிக் கல்லானது. மணற்குருணியில இரும்பு அப்பவே பூசினபடி. அந்தக் கல்லு உதிர்ந்து மண்ணாகேக்க நிறமும் கூடவே வந்திட்டுது. அந்தப் பக்கத்து ரெட் ஆறு சிவப்பா ஓடுறதும் அந்தப் பாறையாலதான். ஆகச் சிவப்பை வைச்சு ரெண்டையும் ஒரு மண் எண்டு சொல்லேலாது. ஒண்டு கல்லுக் கரைஞ்சு மிஞ்சினது, மற்றது கல்லு உதிர்ந்து வந்தது.

இதால இன்னொண்டு நடக்குது. எங்கட பக்கம் குழி வெட்டினா அலவாங்கு "டங்" எண்டு கல்லைச் சொல்லிப்போடும். அங்க மண்ணும் சிவப்பு, பாறையும் சிவப்பு, பாறை மென்மையானதும்கூட. மண்வெட்டி இறங்கும், நகத்தால கீறலாம், ஒரு கட்டியை நசிச்சா மெல்லிய மணலாக் கொட்டும். மண் எங்க முடியுது எண்டு நிறம் காட்டாது. வேரைத்தான் பார்க்கவேணும். புல்லின்ர வேர் நேர கீழ போறதை விட்டுப் பக்கத்தால படர்ந்தா, மண் படை படையாப் பேர்ந்து வந்தா, அதோட பாறை வந்திட்டுது.

அந்த ஆழத்தில கிடக்குது முழுக் கதையும். குவின்லனில பாறை 10 தொடக்கம் 20 அங்குலத்துக்குள்ள வந்திடும். வூட்வார்டில 20 தொடக்கம் 40. ரெண்டும் மணற்கல்லில இருந்து வந்த மண்தான், மெல்லிய மணலும் வண்டலும் கலந்து கைக்கு மாவாட்டம் இருக்கும். முகட்டிலயும் செங்குத்துச் சரிவிலயும் குவின்லன், சரிவு குறையிற இடத்தில வூட்வார்ட். ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருக்கிறது, ரெண்டும் துண்டு துண்டாக் கலந்து கிடக்குது, வரைபடத்தில பிரிச்சுக் கீறேலாது எண்டபடியால. எந்தப் பங்கு எங்க எண்டு காணிக்குள்ள நடந்து குழி வெட்டித்தான் பார்க்கலாம்.

இனி நீர்வடிப்பு. மூண்டுக்கும் "நல்லது" எண்டு போட்டது சரி. ஆனால் அந்தத் தரம் பார்க்கிறது, வேர் நிக்கிற ஆழம் பயிர் வளருற காலத்தில கனநாள் சகதியாக் கிடக்குதோ எண்டதை. தண்ணி எவ்வளவு கெதியா இறங்கும் எண்டது வேற கணக்கு. வேர்ணன் களிக்கல்லில இருந்து வந்த களிமண். அதுக்குள்ள தண்ணி மிக மிக மெதுவா இறங்கும். சரிவில கிடக்கிறபடியால் பெய்யிற மழையில கனக்க மேலால ஓடிப்போகும். ஓடிப்போனபடியால் சகதி இல்லை, சகதி இல்லாதபடியால் நீர்வடிப்பு நல்லது. படத்தில தண்ணி நிக்காததை வைச்சு மண் தண்ணியைக் குடிச்சிட்டுது எண்டு நினைக்காதேங்கோ. குடிச்சதோ ஓடினதோ எண்டு படம் சொல்லாது.

எங்கட செம்பாட்டில தண்ணி மண்ணுக்குள்ளால இறங்கிச் சுண்ணக்கல்லு வெடிப்புகளுக்க போய்க் கிணத்துக்கு வருது. மாரியில மட்டும் ஓடுற வழுக்கியாத்தை விட்டா எங்கட வலிகாமப் பகுதியில ஆறே இல்லை, எண்டாலும் தோட்டம் செய்யிறம் எண்டால் அதாலதான். தோட்டத்துக்குப் போட்ட யூரியா நைத்திரேற்றா மாறிக் குடிக்கிற கிணத்துக்க வாறதும் அதே வழியால. எனக்கு இது பெரிய கவலை, ஆனால் அதை வேற இடத்தில எழுதுறன். அத்தானின்ர காணிக்குக் கீழ அந்த மாதிரி வெடிப்புச் சுண்ணக்கல்லு இல்லை. கோப்பாய்க் கிணத்தை மனசில வைச்சு அங்க வெங்காயக் கணக்குப் போடக்கூடாது.

மழையும் வேற. எங்களுக்கு 50 அங்குலம் மட்டில, கூடுதலா ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில. அங்க 25 அங்குலம் மட்டில, மே, ஜூன்ல கூட. குளிர்காலத்தில மண் உறையும்.

அந்த மண் சுண்ணம் கலந்ததும்தான். ஐதரோக்குளோரிக் அமிலம் ஐதாக்கி ஒரு சொட்டு விட்டா வூட்வார்ட் நுரைக்கும். விருத்தி குறைஞ்ச இளம் மண், பாறை உதிர்ந்து மண்ணாகிற வேகத்துக்குச் சரிவில அரிப்பும் ஓடிக்கொண்டிருக்கு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்லவேணும்: அந்த மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கிறது புல்லு. லிட்டில் புளூஸ்டெம், சைடோட்ஸ் கிராமா எண்டு அந்த நிலத்துக்கே உரிய புல்லுகள். கோதுமைக்கும் பருத்திக்கும் எண்டு உழுத இடங்களில சரிவு முழுக்க வாய்க்காலா அறுந்து போனதை நான் கண்டிருக்கிறன். 1930களில புழுதிப்புயல் அடிச்ச நாடு அது. உழுதிட்டுக் கைவிட்ட குவின்லன் காணியில எங்கட ஆயுளுக்குள்ள பழைய புல்லுத் திரும்பி வராது. அத்தான் மாட்டுக்கு எண்டு வாங்கினா நல்ல காணியா இருக்கலாம். உழுறதுக்கு எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

கோப்பாய்த் தங்கச்சி எழுதியது:

தரவை அக்கா, கனக்க நன்றி. அப்பாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினனான். அத்தான் நேற்றுப் போய் மூண்டு இடத்தில வெட்டிப் பார்த்தவராம். முகட்டில ஒரு அடிக்குக் கிட்ட நீங்கள் சொன்ன மென்மையான கல்லு, வேர் எல்லாம் அதுக்கு மேல பாய் விரிச்ச மாதிரிப் படர்ந்திருக்காம். நடுச்சரிவில தொடை ஆழம் வெட்டியும் மண்தான். கீழ்த்துண்டில சப்பாத்தில அப்பிக்கொண்டு விடுதில்லையாம், வெயிலுக்கு வெடிச்சும் கிடக்காம். முகட்டில புல்லுக் குறைவு, சின்னச் சின்ன சீடர் மரம் கனக்க. வெங்காயக் கதையை விட்டிட்டார். இப்ப கேக்கிறது, மாட்டுக்குத் தண்ணிக்குக் குளம் வெட்டினா எங்க வெட்டுறது எண்டு.

புன்னாலைக்கட்டுவன் தோட்டம் எழுதியது:

தரவை அக்கா, வாசிக்க வாசிக்க எங்கட மண்ணே இப்பத்தான் விளங்குது. அந்த நைத்திரேற்றுக் கதையைக் கட்டாயம் எழுதுங்கோ. எங்கட குறிச்சியில சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் கிணத்துத் தண்ணிக்குப் பயப்பிடினம்.

தரவை எழுதியது:

எழுதுறன் தம்பி. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணியை அதுக்கு முதல் பரிசோதிச்சுப் போடச் சொல்லுங்கோ. நைத்திரேற்று கொதிக்க வைச்சாப் போகாது.

தங்கச்சி, அத்தான் வடிவாப் பார்த்திருக்கிறார். முகடு குவின்லன், நடு வூட்வார்ட், கீழ வேர்ணன். குளம் கீழ்த்துண்டிலதான். மணற்கல்லு மண்ணில வெட்டினாக் கசிஞ்சு போகும், களி பிடிச்சு வைக்கும். ஆனால் அந்தப் பேர்மியன் பாறையில இடைக்கிடை ஜிப்சம் படை ஓடும். வெள்ளையா, மினுங்கிக்கொண்டு, நகத்தால கீறுப்படும். குளம் வெட்டுற இடத்தில அது அம்பிட்டால் இடத்தை மாத்தவேணும். ஜிப்சம் தண்ணியில கரையும், குளத்துக்கு அடியால ஓட்டை விழும், சல்பேற்றுக் கூடினாத் தண்ணி கசந்து மாட்டுக்கு வயித்தால போகும். வெட்ட முதல் அக்கம்பக்கத்துக் குளத்துத் தண்ணியைச் சல்பேற்றுக்குப் பரிசோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ.

சீடர் மரம் கனக்க எண்டது தீ படாமல், வெட்டாமல் விட்ட காணி எண்டதுக்கு அடையாளம். மரம் சின்னனா இருக்கேக்க நிலத்தோட ஒட்ட வெட்டினா அது திரும்பத் துளிராது. ஆள் உயரத்துக்கு மேல போனாச் செலவு கூடும், அந்தச் செலவை விலை பேசேக்கயே கழிக்கச் சொல்லுங்கோ. முகட்டில முதல் வருசம் மாடு விடவேண்டாம். புல்லு விதை போட்டு வேர் பிடிக்கட்டும். எத்தினை மாடு தாங்கும் எண்ட கணக்கை வூட்வார்ட் துண்டை வைச்சுப் போடாமல், குவின்லன் துண்டையும் சேர்த்துப் போடவேணும். காணியில கூடின பங்கு அதுவா இருந்தா, அப்பா காசு அனுப்ப முதல் விலையைத் திரும்பப் பேசலாம்.